ஓட்டையை விட்டுச் சுவரைப் பாருங்கள்

மேல்நிலை வகுப்புகளில் அறிவியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு



இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் ஆகிய நான்கு பாட ஆசிரியர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நாலு பேருக்கும் ஒரே கடிதமா என்றால், விஷயம் அப்படிப்பட்டது. செல் சவ்வின் ஊடாக ஒரு பொட்டாசியம் அயனி எப்படிப் போகிறது என்பதை உங்களில் எவரும் தனியாக நடத்தி முடித்துவிட முடியாது.

சவ்வுப் பாடம் வந்தால் கரும்பலகையில் என்ன படம் ஏறும் என்பது எனக்குத் தெரியும். அதை வரைந்து மார்க் வாங்கியவன்தான் நானும். ஒரு தலையும் இரண்டு வாலுமாகக் கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு வரிசை. நடுவே ஒரு புரதம், அதைக் குடைந்துகொண்டு ஒரு வழி. அம்புக்குறி போட்டு ‘அயனிக் கால்வாய்’ என்று எழுதுவோம். அதோடு விடாமல், பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று ஒரு வாக்கியத்தையும் சேர்த்துக்கொள்வோம்: ‘சல்லடை மாதிரிதான்; சின்னது போகும், பெரியது நிற்கும்.’ இந்த வாக்கியத்தை இந்த ஆண்டோடு விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

காரணம் எளியது. சோடியம் அயனியின் ஆரம் சுமார் 0.095 நானோமீட்டர். பொட்டாசியத்துடையது 0.133. சோடியம்தான் சிறியது. ஆனால் நரம்புச் செல்லின் பொட்டாசியக் கால்வாய் பெரிய பொட்டாசியத்தை நொடிக்குப் பத்துக் கோடி என்ற அளவுக்கு விடுகிறது. சிறிய சோடியத்தை ஏறக்குறைய பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில்கூட விடுவதில்லை. பெரியதைக் கீழே தள்ளிச் சிறியதை மேலே நிறுத்தும் சல்லடை எந்த வீட்டிலும் இல்லை. முன் பெஞ்சில் ஒரு கெட்டிக்காரப் பெண் இதைக் கேட்டுவிட்டால் நம் சல்லடை அங்கேயே கிழிந்துவிடும்.

இந்தப் புதிருக்கு அணு அளவில் விடை கொடுத்தவர் ராடரிக் மெக்கினன். மருத்துவம் படித்து மருத்துவராக இருந்தவர். அதை விட்டுவிட்டு, நாற்பது வயதை ஒட்டிப் படிகவியலைப் புதிதாகக் கற்றுக்கொண்டவர். 1998இல் நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி, ‘ஸ்ட்ரெப்டோமைசிஸ் லிவிடன்ஸ்’ என்ற மண் பாக்டீரியாவின் பொட்டாசியக் கால்வாயை எக்ஸ்-கதிரால் படம் பிடித்தார். 2003இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு. நரம்பைப் பற்றிய விடை, பாக்டீரியாவிடமிருந்து வந்தது, பரிசு வேதியியலில். பாடப் பிரிவுகளுக்கு நடுவே நாம் எழுப்பியிருக்கும் மதில்களுக்கு இயற்கை எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறது என்று இதிலேயே தெரிகிறது.

படத்தில் என்ன தெரிந்தது? தண்ணீரில் எந்த அயனியும் வெறும் உடம்போடு திரிவதில்லை. நேர்மின் அயனியைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் தங்கள் ஆக்சிஜன் பக்கத்தை உள்முகமாகத் திருப்பி ஒட்டிக்கொண்டிருக்கும். குறுகிய வழிக்குள் நுழைய வேண்டுமானால் அந்த நீரைக் கழற்ற வேண்டும். கழற்ற ஆற்றல் செலவாகும். பொட்டாசியத்துக்கு மோலுக்குச் சுமார் 320 கிலோஜூல். சோடியத்துக்கு 400க்கு மேல், ஏனென்றால் அது சிறியது. அதன் மின்னூட்டத்துக்கு மிக அருகில் நீர் ஒட்டியிருக்கிறது. கால்வாயின் மிகக் குறுகிய பகுதி 1.2 நானோமீட்டர் நீளம்தான். அந்தப் பகுதியின் சுவர் முழுக்க ஆக்சிஜன் அணுக்கள் உள்முகமாக நிற்கின்றன. பொட்டாசியம் தன் நீரைக் கழற்றிவிட்டு வந்தால், கழற்றிய நீரின் ஆக்சிஜன்களுக்குப் பதிலாக அதே தூரத்தில் சுவரின் ஆக்சிஜன்கள் கிடைக்கின்றன. செலவு ஈடாகிவிடுகிறது. சோடியத்துக்கு அந்த ஆக்சிஜன்கள் எட்டவில்லை. கழற்றிய செலவு கைவிட்டுப் போனதுதான். அதனால் அது நீரோடு வெளியிலேயே நின்றுவிடுகிறது. உள்ளே ஒன்றுக்கு மேற்பட்ட பொட்டாசியங்கள் ஒரே வரிசையில் நிற்பதால், பின்னால் வருவது முன்னால் இருப்பதை விரட்டுகிறது. கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் சுவர் வேகமாகவும் விட்டுவிடுவது இப்படித்தான்.

ஒரு எச்சரிக்கை. இது முழு உண்மை அல்ல. புரதம் கல் அல்ல, எப்போதும் ஆடிக்கொண்டிருப்பது. அந்த ஆட்டம் இரண்டு அயனிகளின் ஆர வித்தியாசமான 0.038 நானோமீட்டரை விடப் பெரியது. ஆகவே ‘கச்சிதமாகப் பொருந்துகிறது’ என்பதும் ஓரளவுக்குத்தான் சரி. சுவர் ஆக்சிஜன்கள் தங்களுக்குள் விலக்கிக்கொள்வதும் கணக்கில் வரவேண்டும் என்று 2004இலேயே கணினி உருவகங்களை வைத்து பெனுவா ரூவின் குழு வாதிட்டது. வகுப்பில் இந்த அளவுக்குப் போகத் தேவையில்லை. ஆனால் தேர்வு செய்வது ஓட்டையின் அளவு அல்ல, சுவரின் மின்னூட்டமும் நீரைக் கழற்றும் செலவும்தான் என்பது மட்டும் அசையாது.

சரி, செயற்கைக் கால்வாய்க்கு வருகிறேன். உயிரின் கால்வாயில் எல்லாமே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன: வடிவம், மின்னூட்டம், அசைவு, திறந்து மூடும் கதவு. எது எதைச் செய்கிறது என்று பிரித்தறிய ஒரு வழி, ஒன்றுமே இல்லாத ஓட்டையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு குணமாகச் சேர்த்துப் பார்ப்பது. இதில் எனக்குப் பிடித்த வேலை ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் நடப்பது. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்; இயற்பியல் ஆசிரியர்கள் கதிரியக்கப் பாடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

12 மைக்ரோமீட்டர் தடிமனில் ஒரு பெட் படலம். தண்ணீர் பாட்டில் செய்யும் அதே பிளாஸ்டிக். டார்ம்ஸ்டாட்டில் ஜி.எஸ்.ஐ. என்ற கன அயனி ஆய்வு மையம் இருக்கிறது. அங்குள்ள முடுக்கியில் தங்கம், செனான் போன்ற கனமான அணுக்களின் எலெக்ட்ரான்களை உரித்து, ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய 15 சதவீதம் வரை விரட்டிப் படலத்தின் மேல் விடுகிறார்கள். எத்தனை அயனி? ஒன்றே ஒன்று. படலத்துக்குப் பின்னால் இருக்கும் உணர்கருவி ‘ஒன்று வந்துவிட்டது’ என்றதும் கற்றை நின்றுவிடும். அந்த ஒற்றை அயனி போன தடத்தில் பிளாஸ்டிக்கின் சங்கிலிகள் அறுந்து கிடக்கின்றன. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

பிறகு நமக்குப் பழக்கமான வேதியியல். படலத்தை இரண்டு அறைகளுக்கு நடுவில் பிடித்து, ஒரு பக்கம் செறிந்த சோடியம் ஹைட்ராக்சைடு, மறுபக்கம் ஃபார்மிக் அமிலம் ஊற்றுகிறார்கள். காரம் சேதமான தடத்தை மற்ற இடத்தை விட வேகமாக அரித்துக்கொண்டே போகும். இரு பக்கமும் மின்முனை வைத்து ஒரு வோல்ட் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். அம்மீட்டர் பூச்சியத்தில் நிற்கும், நின்றுகொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் முள் அசையும்: ஓட்டை மறுபக்கம் எட்டிவிட்டது. எட்டிய இடத்தில் அமிலம் காரத்தை நடுநிலையாக்குவதால் அந்த முனை மேலும் விரிவதில்லை. கிடைப்பது ஒரு கூம்பு. அகன்ற வாய் சில நூறு நானோமீட்டர். குறுகிய நுனி சில நானோமீட்டர்.

இந்த அரிப்பில் இன்னொரு காரியமும் நடந்துவிடுகிறது. காரம் பாலியெஸ்டரை அறுத்த இடமெல்லாம் கார்பாக்சில் தொகுதிகள் முளைக்கின்றன. நடுநிலைக் கரைசலில் அவை எதிர்மின்னூட்டம் பெறும். ஆகச் சுவருக்கு ஒரு குணம் வந்துவிட்டது. இப்போது பொட்டாசியம் குளோரைடு கரைசலை இரு பக்கமும் ஊற்றி மின்னழுத்தத்தைத் திருப்பித் திருப்பிக் கொடுத்துப் பார்த்தால், நுனியிலிருந்து வாய்ப்பக்கமாகப் பொட்டாசியம் தாராளமாக ஓடுகிறது; எதிர்த்திசையில் தயங்குகிறது. ஒரு டையோடு! குறைகடத்தி இல்லை, சந்தி இல்லை, வெறும் பிளாஸ்டிக்கும் உப்புத் தண்ணீரும். சூசன்னா சிவி என்ற ஆய்வாளர் 2002இல் இதைத் தெளிவாகக் காட்டினார். அத்தோடு விடாமல், இரு திசையிலும் மாறி மாறி ஊசலாடும் மின்னழுத்தத்தைக் கொடுத்து, செறிவு குறைந்த பக்கத்திலிருந்து செறிவு கூடிய பக்கத்துக்குப் பொட்டாசியத்தை ஏற்றியும் காட்டினார். ஆனால் இதைச் சோடியம்-பொட்டாசியம் பம்ப் என்று மாணவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பம்ப் ஒரு ஏ.டி.பி.க்கு மூன்று சோடியத்தை வெளியே அனுப்பி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. பிளாஸ்டிக்குக்கு அவ்வளவு நுணுக்கமெல்லாம் கிடையாது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அடுத்த படி. கரைசலின் பி.ஹெச். மதிப்பை 3க்கு இறக்குங்கள். கார்பாக்சில் தொகுதிகள் ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு மின்னூட்டத்தை இழக்கின்றன. டையோடு காணாமல் போய்விடுகிறது. மின்னோட்டக் கோடு நேர்கோடாகிவிடுகிறது. ஓட்டையின் வடிவம் துளியும் மாறவில்லை, மாறியது சுவர் மட்டுமே. இன்னொரு வேதிவினையால் அதே சுவரில் அமீன் தொகுதிகளை ஒட்டினால் டையோடு திசை மாறுகிறது. பெய்ஜிங்கில் லெய் ஜியாங் குழுவினர் 2008இல் இதே மாதிரிச் சுவரில் டி.என்.ஏ. இழைகளை நட்டு, பி.ஹெச். மாறும்போது இழைகள் மடங்கி விரிவதால் மின்னோட்டம் மாறுவதைக் காட்டினார்கள். ‘ஓட்டை அப்படியே, சுவர் மட்டும் வேறு’ என்ற சோதனையை உயிருள்ள செல்லில் இத்தனை சுத்தமாகச் செய்வது எளிதல்ல. செயற்கைக் கால்வாய் நமக்குக் கொடுத்த பெரிய கொடை இதுதான் என்பேன். மற்றதெல்லாம் இன்னும் வாக்குறுதி.

வேதியியல் ஆசிரியர்களுக்கு இங்கே ஒரு கணக்கு. நெர்ன்ஸ்ட் சமன்பாட்டை மின்வேதியியலில் எப்படியும் நடத்துவீர்கள். நேர்மின் அயனியை மட்டும் விடும் படலத்தின் ஒரு பக்கம் 0.1 மோலார், மறுபக்கம் 0.01 மோலார் பொட்டாசியம் குளோரைடு இருந்தால், 25 டிகிரியில் ஏறக்குறைய 59 மில்லிவோல்ட் வர வேண்டும். துளையிட்ட பெட் படலத்தை வைத்து அளந்தால் அதற்குக் குறைவாகவே வரும், ஏனென்றால் குளோரைடும் கொஞ்சம் கசிகிறது. 59க்கு எவ்வளவு குறைகிறதோ அந்த அளவு படலத்தின் தேர்வு மோசம். அதே சமன்பாட்டில் 37 டிகிரியும், செல்லுக்குள் பொட்டாசியம் லிட்டருக்கு 140 மில்லிமோல், வெளியே 4 என்றும் போடுங்கள்: சுமார் 95 மில்லிவோல்ட், உட்பக்கம் எதிர்மின். விலங்கியல் புத்தகம் நரம்பின் ஓய்வுநிலை மின்னழுத்தம் என்று சொல்லும் 70 மில்லிவோல்ட் இதற்குக் குறைவாக இருப்பது ஏன்? காரணம் அதேதான்: வேறு அயனிகளும் கொஞ்சம் கசிகின்றன. பிளாஸ்டிக் படலமும் நரம்பும் ஒரே கணக்கில் உட்காருகின்றன. 70 மில்லிவோல்ட் தானே என்று இயற்பியல் ஆசிரியர் அலட்சியமாக நினைத்தால், அதை 5 நானோமீட்டர் தடிமனுக்கு வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டருக்கு 1.4 கோடி வோல்ட். காற்று 30 லட்சத்திலேயே பொறி விட்டுவிடும்.

சுவரின் மின்னூட்டம் எவ்வளவு தூரம் எட்டும் என்பதும் கணக்கில் வரும். அதற்கு டெபை நீளம் என்று பெயர்; கரைசலில் உப்பு கூடக் கூட அது சுருங்கும். 1 மில்லிமோலார் உப்பில் சுமார் 10 நானோமீட்டர். 100 மில்லிமோலாரில் 1 நானோமீட்டர். கடல்நீரில் 0.4 அளவுக்கு வந்துவிடும். ஆகவே 10 நானோமீட்டர் அகல ஓட்டை, உப்பு குறைந்த நீரில் அயனிகளைப் பார்த்துப் பார்த்து விடும். கடல்நீரில் அதே ஓட்டை யார் போனாலும் கேட்காது. ஆய்வகத்தில் நீர்த்த கரைசலில் நன்றாகத் தேர்வு செய்கிற கால்வாயைப் பற்றி ‘கடல்நீரைக் குடிநீராக்கும்’ என்று செய்தி வந்தால் எதைக் கேட்க வேண்டும் என்பது இப்போது உங்கள் மாணவர்களுக்கே தெரியும்.

கடல்நீர் என்றதும் சென்னையை அடுத்த நெம்மேலிக்குப் போயே ஆக வேண்டும். 2013 முதல் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கொள்ளளவில் ஓடும், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. மீஞ்சூரில் 2010இலேயே அதே அளவில் ஒன்று. இரண்டும் எதிர் சவ்வூடு பரவல் முறை, நம் வீட்டு ஆர்.ஓ.வின் பெரியண்ணன். இந்தச் சவ்வை நடைமுறைக்குக் கொண்டுவந்த இருவர் சிட்னி லோப், சீனிவாச சௌரிராஜன்; 1950களின் இறுதியில் லாஸ் ஏஞ்சல்ஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் நடந்த வேலை. சௌரிராஜன் என்பது நம் பாடப் புத்தகத்தில் இருக்க வேண்டிய பெயர். இன்று ஆலைகளில் இருக்கும் பாலியமைடு படலத்தில் திட்டமான கால்வாய் எதுவும் கிடையாது. சங்கிலிகளுக்கு நடுவே ஒரு நானோமீட்டருக்கும் குறைந்த இடைவெளிகள் தோன்றித் தோன்றி மறைகின்றன. நீர் அவற்றின் வழியே நெளிந்து போகிறது. உப்பில் 99 சதவீதத்துக்கு மேல் நின்றுவிடும். ஆனால் மின்னூட்டம் இல்லாத போரிக் அமிலம் நழுவி வந்துவிடும். மறுபடியும் சுவர்தான்.

இதற்கு மாற்றாகக் கார்பன் நானோகுழாய் வந்தபோது பெரிய ஆரவாரம். 2001இல் கெர்ஹார்ட் ஹம்மர், ஜயேந்திரன் இராசையா, நோவோரிடா என்ற மூவர் கணினியில் ஒரு குழாயை நீரில் மூழ்கவிட்டுப் பார்த்தார்கள். நீரை வெறுக்கும் கார்பன் சுவருக்குள் நீர் போகாது என்றுதான் எவரும் நினைப்போம். போயிற்று, அதுவும் ஒற்றை வரிசையாக, விர்ரென்று. 2006இல் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம், 2 நானோமீட்டருக்கும் குறுகிய குழாய்களில் நீர் சாதாரணக் குழாய்க் கணக்கை விட ஆயிரம் மடங்கு அளவில் வேகமாக ஓடுவதை அளந்து காட்டியது. 2017இல் அதே ஆய்வகத்தில் அலெக்சாண்டர் நாயின் குழு 0.8 நானோமீட்டர் குழாய்த் துண்டுகளைக் கொழுப்புப் படலத்தில் செருகி, செல்லின் சொந்த நீர்க்கால்வாயான அக்குவாபோரினை விடப் பத்து மடங்கு அளவில் நீரை விட வைத்தது.

இயற்கையை ஜெயித்துவிட்டோமா? வேகத்தில் ஜெயித்தோம். ஆனால் கடல்நீரைக் குடிநீராக்குவதில் வேகம் சிக்கலாகவே இருந்ததில்லை. கடல்நீரில் பாதியை நன்னீராக்க, எந்தச் சவ்வாக இருந்தாலும் இயற்பியல் கேட்கும் குறைந்தபட்ச ஆற்றல் 1000 லிட்டருக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். இன்றைய ஆலைகள் எல்லா வேலைக்கும் சேர்த்து மூன்று, நாலு யூனிட் செலவழிக்கின்றன. அதில் பெரும்பங்கு நீர் மெதுவாகப் போவதால் ஆவதல்ல. அடியில் ஒரு யூனிட் என்றும் குறையாது. மிச்சம் முன்சுத்திகரிப்புக்கும் பம்புக்கும் மற்றவற்றுக்கும். யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மெனகெம் எலிமெலெக் இதைத்தான் விடாமல் சொல்லி வருகிறார்: சவ்வுக்கு இப்போது வேண்டியது வேகம் அல்ல, இன்னும் கூரான தேர்வு. நானும் அந்தக் கட்சி.

தேர்வில் செல் எங்கே நிற்கிறது என்பதற்கு அக்குவாபோரினையே பார்க்கலாம். பீட்டர் அக்ரி, ரத்த வகை தொடர்பான வேறொரு புரதத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது கையில் மாட்டியது அது. 1992இல் அதன் மரபுச் செய்தியைத் தவளை முட்டைக்குள் செலுத்தி, முட்டையை நன்னீரில் போட்டார்கள். சாதாரண முட்டை சும்மா கிடந்தது. இது சில நிமிடங்களில் உப்பி வெடித்தது. மெக்கினனோடு 2003 நோபலைப் பகிர்ந்துகொண்டவர் இவர்தான். தாவரவியல் ஆசிரியருக்கு இந்தப் படத்தை விட நல்ல சவ்வூடு பரவல் படம் கிடைக்காது. ஒரு அக்குவாபோரின் நொடிக்குச் சுமார் 300 கோடி நீர் மூலக்கூறுகளை விடும். நம் சிறுநீரகம் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் வடித்து, ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே அனுப்பி மற்றதைத் திரும்ப எடுத்துக்கொள்வது இதன் துணையோடுதான்.

ஆனால் ஆச்சரியம் அதுவல்ல. இத்தனை நீர் ஓடும் வழியில் ஒரு புரோட்டான்கூடப் போவதில்லை. புரோட்டான் நீரில் நீந்துவதில்லை. ஒரு நீர் மூலக்கூறிலிருந்து அடுத்ததற்கு ஹைட்ரஜன் பிணைப்புகளின் வழியே தாவும். நீர் ஒற்றை வரிசையாக நின்றால் அது தாவுவதற்கு இன்னும் வசதி. அக்குவாபோரின் என்ன செய்கிறதென்றால், வரிசையின் நடுவில் இரண்டு அஸ்பராஜின் அமினோ அமிலங்களை வைத்து அங்கே வரும் நீர் மூலக்கூறைத் திருப்பிவிடுகிறது. போதாததற்கு அந்த இடத்தில் நேர்மின் புலமும் உண்டு. நீர் திரும்பிக்கொண்டு போய்விடும், புரோட்டானுக்கு வழி இல்லை. செல் ஏ.டி.பி. செய்வதே சவ்வின் இரு பக்கமும் புரோட்டான் வேறுபாட்டை வைத்துத்தான். அது கசிந்தால் பிழைப்பு போயிற்று. இதே லிவர்மோர் குழு 2016இல் அதே 0.8 நானோமீட்டர் கார்பன் குழாயில் புரோட்டானைப் பார்த்தது. சாதாரண நீரில் போவதைவிடப் பத்து மடங்கு அளவில் வேகமாகப் பறந்தது. எரிமின்கலத்துக்கு அது வரம். செல்லுக்கு அது மரணம். இரண்டிலும் நீர் வரிசை ஒன்றுதான்; சுவர்தான் வேறு.

செயற்கைக் கால்வாய்த் துறையிலிருந்து வெளியே வந்து கைக்குக் கிடைத்த பெரிய பலன் எது என்று கேட்டால் டி.என்.ஏ. வரிசை படிக்கும் கருவியைச் சொல்வேன். அதில் வேடிக்கை, வேலை செய்யும் துளை செயற்கையே அல்ல. ‘ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ்’ பாக்டீரியா நம் ரத்தச் செல்களில் ஓட்டை போடப் பயன்படுத்தும் நச்சுப் புரதம் ஒன்று உண்டு. அதன் மிகக் குறுகிய இடம் 1.4 நானோமீட்டர். 1996இல் ஜான் கேசியானோவிச்சும் டேவிட் டீமரும் சகாக்களும் அந்தத் துளைக்குள் டி.என்.ஏ. இழையை மின்னழுத்தத்தால் இழுத்து, இழை போகும்போது அயனி ஓட்டம் தடைபடுவதைக் காட்டினார்கள். அங்கிருந்து வளர்ந்து, ஆக்ஸ்ஃபோர்டு நானோபோர் நிறுவனத்தின் உள்ளங்கைக் கருவியில் வந்து நின்றது. 2015இல் கினியில் எபோலா பரவியபோது அதைப் பெட்டியில் போட்டு எடுத்துப் போய் அங்கேயே வைரஸின் மரபுச் செய்தியைப் படித்தார்கள். சிலிக்கான் நைட்ரைடு, கிராஃபீன் எல்லாவற்றிலும் துளை போட்டுப் பார்த்தும் இந்த வேலையில் புரதத்தை மிஞ்ச முடியவில்லை. காரணம், ஒரு புரதத் துளை மற்றொன்றின் அச்சு அசல். நாம் போடும் துளைகள் ஒன்றுக்கொன்று அணுக்கணக்கில் மாறுபடும்.

உப்புநீரும் நன்னீரும் சேரும் இடத்தில் மின்சாரம் எடுப்பது பற்றிய செய்திகளுக்கும் ஒரு வார்த்தை. 2016இல் சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகம் மூன்றே அணுத் தடிமனான மாலிப்டினம் டைசல்ஃபைடில் ஒற்றைத் துளை போட்டு அளந்து, சதுர மீட்டருக்குப் பத்து லட்சம் வாட் வரை என்று மதிப்பிட்டது. ஒற்றைத் துளையில் அளந்ததைச் சதுர மீட்டருக்குப் பெருக்கிய எண் அது. துளைகளை நெருக்கி வைத்தால் ஒன்றின் வாசலில் மற்றொன்று நின்று செறிவு வேறுபாட்டைத் தின்றுவிடும். அந்த எண் அப்படியே வராது. நார்வேயில் ஸ்டாட்கிராஃப்ட் நிறுவனம் வேறு வகைச் சவ்வை வைத்து 2009இல் திறந்த சோதனை நிலையம் சதுர மீட்டருக்கு 5 வாட் என்ற இலக்கை எட்டாமலேயே கைவிடப்பட்டது. ‘ஒரு துளைக்கா, ஒரு சதுர மீட்டருக்கா?’ என்று கேட்கத் தெரிந்த மாணவன் பாதிச் செய்திகளைத் தானே வடிகட்டிவிடுவான்.

இப்போது உங்களிடம் கேட்பது. பாடத்திட்டத்தை மாற்றச் சொல்லவில்லை. அது நம் கையில் இல்லை. ஒரே ஒரு பீரியட். நரம்புப் பாடம் முடிந்த வாரத்தில் வேதியியல் ஆசிரியரும் விலங்கியல் ஆசிரியரும் ஒரே வகுப்பில் நின்று அந்த நெர்ன்ஸ்ட் கணக்கை இரண்டு தடவை போட்டுக் காட்டுங்கள், பெட் படலத்துக்கு ஒன்று, நரம்புக்கு ஒன்று. நேரமிருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கொண்டுவாருங்கள். அதில் சீரம் பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை என்று இருக்கும். அந்த எண்ணை அளக்கும் மின்முனையின் படலத்தில் பொதுவாக வாலினோமைசின் என்ற வளைய மூலக்கூறு இருக்கிறது. அது கால்வாய் அல்ல, தூக்கிக்கொண்டு போகும் வகை; ஆனால் வளையத்தின் உட்பக்கம் ஆறு ஆக்சிஜன்கள் பொட்டாசியத்துக்கென்றே நிற்கின்றன, சோடியத்தைப் பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஒதுக்குகின்றன. வாலினோமைசினை உற்பத்தி செய்வதும் ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ்தான். மெக்கினனின் பாக்டீரியாவுக்குப் பங்காளி. பொட்டாசியம் கூடிப்போனால் இதயம் நின்றுவிடும் என்று தெரிந்த வீடுகளில் இந்த ஒரு எண்ணுக்காக இரவெல்லாம் காத்திருப்பார்கள்.

இவ்வளவும் நடத்தினால் ஒரு கேள்வி நிச்சயம் வரும்: ‘அப்போ சோடியம் கால்வாய் எப்படி சார்?’ அதற்கும் கையில் பதில் இருக்கட்டும். அந்தக் கால்வாய் பொட்டாசியக் கால்வாயை விட அகலம். சோடியம் தன் நீர் முழுவதையும் கழற்றாமல் கொஞ்சம் கட்டிக்கொண்டே போகும். குறுகிய இடத்தில் நாலு பக்கமும் நாலு வெவ்வேறு அமினோ அமிலங்கள்: அஸ்பார்ட்டேட், குளுட்டமேட், லைசின், அலனின். 1992இல் ஷ்டெஃபான் ஹைனெமன் குழுவினர் சுமார் 2000 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் புரதத்தில் கடைசி இரண்டை மட்டும், அதாவது லைசினையும் அலனினையும் மட்டும், குளுட்டமேட்டாக மாற்றினார்கள். மற்றதெல்லாம் அப்படியே இருக்க, அந்தச் சோடியக் கால்வாய் கால்சியத்தை விடத் தொடங்கிவிட்டது.

அன்புடன்,
அறிவியல் எழுதிப் பிழைக்கும் உங்கள் பழைய மாணவர்களில் ஒருவன்